கதவக்கா வீட்டுக் கதவு

கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் வீடு கட்டுவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. தகரம் எங்காவது கிடைக்கும். செங்கல்லை யாராவது தருவார்கள். தார்ப்பாய் காற்றில் பறந்து தானாகவே வந்து சேரும், யாருடையது என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. கதவு மட்டும் அப்படி வராது. கதவு வேண்டுமென்றால் கதவக்காவிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். நகரத்துக்குள் எந்தப் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், எங்கே புதிதாக மாடிமேல் மாடியாக எழுப்பப் போகிறார்கள் என்ற சேதி எப்படியோ அவள் காதுக்கு வந்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மேஸ்திரியிடம் நிற்பாள். அவர் ஒரு விலை சொல்வார். அவள் கதவைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இது கதவா, கரையானுக்குக் கட்டின வீடா?" என்பாள். கடைசியில் அவள் சொன்ன விலைக்கே கதவு வண்டியில் ஏறும். வண்டி அவள் கணவனுடையது. மூன்று சக்கரத்தை மிதித்து மிதித்தே அந்த மனிதருக்குக் கால்கள் தேக்கங்கட்டையாகிவிட்டன. பேரம் பேசும் இடத்தில் மட்டும் அவர் வாயே திறப்பதில்லை. திறந்தால் விலை ஏறிவிடும் என்பது கதவக்காவின் கட்சி.

இப்படி நகரம் உயர உயர, அது உதறித் தள்ளிய கதவுகளெல்லாம் கால்வாய் ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. தெருவில் நடந்தால் சிரிப்புத்தான் வரும். அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் வாயை மூடத் தெரியாத ஒரு பெண்மணி வீட்டில் பல் மருத்துவமனைக் கதவு. 'பேச வேண்டாம்' என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் எட்டுத் திக்கும் ஓடித் திரியும் இன்னொரு வீட்டில் 'தலைமை ஆசிரியர்: அனுமதியின்றி நுழையக் கூடாது'. திருடிக்கொண்டு போக ஒரு டம்ளர்கூட இல்லாத மூலை வீட்டுக்காரர் வங்கியின் இரும்புக் கதவை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எழுத்துகளை அழித்துக் கொடு என்று கேட்பவர்களிடம் கதவக்கா ஒரே பதில்தான் சொல்வாள்: "படிச்ச கதவுங்க. நீங்க பாட்டுக்கு மாட்டிக்கிட்டுப் போங்க."

அவள் வீட்டுக்கு என்ன கதவு என்று கேட்கிறீர்களா? திரைச்சீலை. பூப்போட்ட பழைய போர்வை ஒன்று.

கதவு மாட்டாமல் இல்லை. மாட்டுவாள். வாசலில் நல்ல கதவாகத் தொங்கும். அப்போது பார்த்து யாராவது கூரை போட்ட கையோடு வந்து நிற்பார்கள். வீட்டோடு சேர்ந்த கிடங்கில் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளையெல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் பிடிக்காமல், அவள் வீட்டு வாசலைக் காட்டி, "இது மாதிரி இல்லையாக்கா?" என்பார்கள். வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்தால் கதவக்காவுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. திருப்புளியைக் கையில் எடுத்துவிடுவாள். "நம்ம வீட்ல கதவு விருந்தாளி மாதிரிம்மா. வரும், ஒரு காபி குடிக்கும், போயிடும்" என்று கணவன் சொல்வார். பேரம் பேசும்போது சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அவர் வீட்டில்தான் செலவழிப்பார்.

இந்த வேடிக்கையில் சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. மகள். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். உடை மாற்றும்போது போர்வையின் அடி நுனியில் செங்கல் வைத்து, பக்கத்து நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு மாற்றுவாள். படிக்க உட்கார்ந்தால் தெரு நாய் உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும். "எனக்கு நகை வேணாம்மா, போனு வேணாம். ஒரு கதவு குடு. கதவு விக்கிறவ வீட்ல கேக்கக் கூடாததையா கேக்கறேன்?" என்றாள் ஒருநாள். கதவக்காவுக்குச் சுருக்கென்றது. செவிலியர் விடுதியை இடித்தபோது வந்த பச்சைக் கதவு ஒன்றை அன்றைக்கே தனியாக எடுத்து, சாக்குப் போட்டு மூடி, கிடங்கின் கடைசியில் வைத்தாள். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாத கதவு. யார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று சத்தியமே பண்ணினாள். நிலை வைக்க வேண்டும், கீல் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சியிலிருந்து ஆள் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. குடியிருப்பில் வீடு வீடாக எண் போடப் போகிறார்களாம். எண் விழுந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர், சொந்த மின் மீட்டர். கால்வாயை ஒட்டிப் பெரிய சாலை வரும்போது, எண் உள்ள வீட்டை எடுத்தால் அடுக்குமாடியில் மாற்று வீடு. எண் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. புல்டோசர் வருகிற அன்று மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதுவரை வந்தது சரியான சேதி. இதற்குக் கண்ணும் மூக்கும் ஒட்டவைத்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். எண்ணைக் கதவில்தான் எழுதுவார்கள், ஆகவே எத்தனை கதவோ அத்தனை எண், அத்தனை வீடு என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான், தெருவுக்குத் தலை கால் புரியவில்லை. மாமியாரும் மருமகளும் சண்டையே போடாமல் தனிக்குடித்தனம் போனார்கள், அதே அறைக்குள். கோழிக்கூண்டுக்குக் கதவு வந்தது. பெட்டிக்கடைக்குப் பின்னால் கதவு. ஒருவர் இரண்டு வீட்டுக்கு நடுவே கை நுழையாத சந்துக்குக் கதவு கேட்டார். "உள்ள யார் குடியிருக்கப் போறா?" என்றாள் கதவக்கா. "என் மச்சான். அவன் ஒருக்களிச்சுப் படுப்பான்" என்றார் அவர்.

கதவக்கா சிரித்துக்கொண்டே விற்றாள். அதைத் தப்பென்று அவள் நினைக்கவில்லை. கதவு கேட்டார்கள், கொடுத்தாள். கிடங்கு துடைத்துவிட்டாற்போலக் காலியானது. கடைசியாகத் தையல்காரர் வந்தார்.

"ஒரு கதவு வேணும்க்கா."

"உங்களுக்குத்தான் இருக்கே."

"அது எனக்கு. இது அண்ணனுக்கு."

"உங்களுக்கு ஏது அண்ணன்?"

"இனிமே உண்டு" என்றவர், சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"அது பொண்ணுக்குன்னு வச்சிருக்கேன். அதைத் தொடாதீங்க."

"அக்கா, பொண்ணு எங்க போயிடப் போறா? அவங்க நாளைக்கே வர்றாங்க. உங்களுக்கென்ன, கதவெல்லாம் உங்க கைக்குள்ள. இன்னும் ரெண்டு நாள்ல வேற வரும். அதுவும் இல்லாம, உங்க வீடு தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு? கதவு இருந்தாத்தானா கதவக்கா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள். பாராட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? தன் வீடு எல்லோருக்கும் தெரிந்த வீடு என்று அவள் மனதார நம்பினாள். எண் போட வருகிறவர் அசலூர்க்காரர், அவருக்குக் கதவக்காவும் ஒன்றுதான் கால்வாயும் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பச்சைக் கதவு தையல்காரரின் பக்கச் சுவருக்குப் போனது.

மறுநாள் காலையில் கணக்கெடுக்கும் அம்மாள் வந்தார். கையில் குடை, தோளில் பை, பின்னால் டப்பாவும் தூரிகையுமாக ஒரு பெயிண்டர். முதல் சில வீடுகள் ஒழுங்காகவே போயின. தட்டுவார், திறப்பார்கள், எட்டிப் பார்ப்பார், பெயிண்டர் எழுதுவார். நாலைந்து வீடு தாண்டியதும் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே கோழி. அடுத்ததைத் திறந்தால் பெட்டிக்கடையின் முதுகு. அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார். தையல்காரரின் பக்கச் சுவருக்கு வந்தார்.

"இது யார் வீடு?"

"எங்க அண்ணன் வீடு மேடம். வேலைக்குப் போயிருக்கார்."

அம்மாள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். உள்ளே செங்கல் சுவர். சும்மா சொல்லக் கூடாது, தையல்காரர் பொறுப்பான ஆள். சுவர் வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று அதில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தார்.

"உங்க அண்ணன் ரொம்ப ஒல்லியா?" என்றார் அம்மாள்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கோபத்தில் இருந்தார். "நான் உங்களுக்கு வீடு வாங்கித் தரத்தான் வெயில்ல அலையறேன். நீங்க என்னை முட்டாளாக்கறீங்க. இந்தப் பொய்க் கதவையெல்லாம் கழட்டுங்க. வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை வருவேன்" என்றவர், பக்கத்திலிருந்த பூப்போட்ட போர்வையைத் தாண்டி நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவக்கா பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள். "மேடம், மேடம், என் வீட்டை விட்டுட்டீங்களே!"

"எது?"

"இதோ."

அவர் போர்வையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் சாய்ந்திருந்த நிலைக் கட்டைகளையும் கழற்றிப் போட்ட கீல்களையும் பார்த்தார். "இது குடோன்ம்மா."

"இல்ல மேடம், நாங்க குடியிருக்கோம். நான், அவரு, பொண்ணு. இதுல கதவு சாமானும் கிடக்கு, அவ்வளவுதான். என்னை இங்க எல்லாருக்கும் தெரியும். கதவக்கான்னு கேட்டுப் பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

"ஓஹோ. இத்தனை கதவும் நீங்க வித்ததா?" அம்மாள் குடையை மடக்கினார். "இன்னைக்கு இல்லாத கதவு வெள்ளிக்கிழமை முளைச்சா நான் எப்படி நம்பறது? சரி, எல்லாருக்கும் சொல்றதுதான் உங்களுக்கும். கதவு இருக்கணும், சாத்தியிருக்கணும், உள்ள ஆள் இருக்கணும். ஆள் இல்லைன்னா குடோன்னு எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

அன்று மாலை மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கதவக்கா பதிலுக்குக் கத்தி ஆறுதல் அடைந்திருப்பாள். மகள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், வெறும் தரையைப் பார்த்தாள். "வித்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு செங்கல்லை எடுத்துப் போர்வை நுனியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். கதவக்காவுக்கு அவமானமாக இருந்தது. ஊரெல்லாம் அக்கா அக்கா என்று கூப்பிட்ட சந்தோஷத்தில், அம்மா என்று கூப்பிடுகிறவளின் குரல் தன் காதில் விழாமல் போய்விட்டதே என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

"நாளைக்கு எங்கயாவது போய் ஒண்ணு பிடிச்சுட்டு வந்துடலாம்" என்றார் கணவன்.

தேடிப் போகத் தேவையே இருக்கவில்லை. விடிந்ததும் விற்ற கதவுகளெல்லாம் ஊர்வலமாகத் திரும்பி வந்தன. கோழிக்கூண்டுக் கதவு வந்தது, சந்துக் கதவு வந்தது. "எடுத்துக்கக்கா, மச்சான் ஊருக்குப் போயிட்டான்." கடைசியில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பச்சைக் கதவைத் தானே முதுகில் சுமந்தபடி தையல்காரர் வந்தார். அசடு வழிய நின்றார்.

"நான்தான்க்கா உங்களைக் கெடுத்தேன். பணம் கிணம் பேசாதீங்க. நானே மாட்டித் தர்றேன்."

"உங்களுக்குக் கதவு மாட்டத் தெரியுமா?"

"சுவத்துல மாட்டத் தெரிஞ்சுது, வாசல்ல மாட்டத் தெரியாதா?"

தெரியவில்லை. கணவனும் அவருமாகச் சேர்ந்து மாட்டியதில், கதவு திறந்த இடத்திலேயே நின்றுகொண்டு சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. கதவக்கா இரண்டு பேரையும் ஒதுங்கி நிற்கச் சொன்னாள். நிலையைத் தூக்கி, அடியில் ஆப்பு வைத்து, ஓரத்தை இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டாள். எத்தனையோ வாசலுக்குச் செய்த வேலைதான். தன் வாசலுக்குச் செய்யும்போது மட்டும் ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தடவை முடுக்கினாள். பள்ளியிலிருந்து வந்த மகள் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை. வெளியே நின்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத்தானே கதவு.

வெள்ளிக்கிழமை வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகாமல் கூட இருக்கிறேன் என்றாள். பரீட்சையை விட்டுவிட்டு என்ன இருப்பு என்று கதவக்கா விரட்டிவிட்டாள். கணவனுக்குத் தவிர்க்க முடியாத ஒரு சவாரி. கதவக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் கூப்பிட்டதும் 'வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். சாதாரணமாகச் சொல்ல வேண்டும், பதறிச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவு சாத்தியதும் தெருச் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போய்விட்டது, அது ஒரு மாதிரி இருந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒரு பழைய கீலை எடுத்து வைத்துக்கொண்டு துரு தேய்க்க ஆரம்பித்தாள்.

மதியம் திரும்பும் வேளையில் தெருவில் அரவம் கேட்டது. வந்துவிட்டார். தெருக் கோடியில் ஒரு கதவைத் தட்டும் சத்தம். பிறகு இன்னொன்று, இன்னும் கிட்டே. கதவக்கா கீலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். தட்டுகிற சத்தம் இன்னும் நெருங்கியது. தையல்காரர் வீட்டைத் தட்டுகிறார்கள் போலிருக்கிறது. அடுத்தது நம்மைக் கூப்பிடுவார்.

யாரும் கூப்பிடவில்லை. மறுபடியும் தட்டினார்கள்.

இந்தத் தையல்காரர் எங்கே போய்த் தொலைந்தார்? கதவக்காவுக்கு எரிச்சல் வந்தது. ஏற்கெனவே அந்த அம்மாள் கோபக்காரி. இவர் திறக்காமல் இழுத்தடித்தால் அடுத்த வீட்டுக்கு வருவதற்குள் கோபத்தில் குடையை மடக்கிவிடுவார்.

வெளியே நடந்ததைத் தையல்காரர் பிறகு சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அம்மாள் நின்றது பச்சைக் கதவின் முன்னால். யாரும் குரல் கொடுத்து உதவக் கூடாதென்று தெருவையே விரலைக் காட்டி அடக்கி வைத்திருந்தார். தையல்காரர் அவருக்குப் பக்கத்தில் நின்று, அளவு நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவைக்கும் பதில் இல்லை. "நினைச்சேன்" என்று சொல்லி அம்மாள் பேனாவைத் திறந்தார். குடோன் என்று எழுதப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை தட்டினார்.

அவ்வளவுதான், உள்ளே கதவக்காவின் பொறுமை போய்விட்டது. பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"யோவ் தையல்காரரே! மேடம் எவ்வளவு நேரமா உங்க வீட்டைத் தட்டறாங்க! காதுல என்ன நூலா அடைச்சு வச்சிருக்கீங்க? எழுந்து போய்த் தொறங்கய்யா! ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிடப் போறாங்க!"

வெளியே தெரு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் தையல்காரரின் குரல் கேட்டது.

"அக்கா, தட்டறது உங்க கதவை!"

கதவக்கா திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இத்தனை வருஷமாகப் போர்வையை விலக்கி, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவர்கள்தான். போர்வையை எப்படித் தட்டுவது? நடுவில் வந்து போன விருந்தாளிக் கதவுகளும் திறந்தேதான் கிடந்தன. ஒருவர் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதைப்போலத் தட்டிவிட்டுக் காத்திருப்பது தனக்கும் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஓடிப்போய்த் திறந்தாள். கணக்கெடுக்கும் அம்மாள் குடையில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். சொல்ல வேண்டுமென்று வைத்திருந்த 'வந்துட்டேன்' கதவக்காவுக்கு மறந்தே போனது.

"உள்ள வந்து பாருங்க மேடம். அடுப்பு இருக்கு, பொண்ணோட புஸ்தகம் இருக்கு, எல்லாம் இருக்கு."

"பாக்க வேணாம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர். "ஏமாத்தறவங்க தட்டறதுக்கு முன்னாடியே தொறந்துடறாங்க." பெயிண்டரைத் திரும்பிப் பார்த்தார். "எழுதுங்க."

பெயிண்டர் டப்பாவைக் கிளறி, தூரிகையை வழித்து, பச்சை மேல் வெள்ளையாக நிதானமாக எழுதினார். எழுதி முடித்து அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகரப் போனபோது, கதவக்கா அந்த அம்மாளின் கையைத் தொட்டாள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை தட்டுவீங்களா?"

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கதவக்கா உள்ளே போனாள். ஈரமான எண்ணில் படாமல் கதவை மெதுவாகச் சாத்தினாள். சத்தம் வந்தது. விரல் முட்டியால், மெள்ள, இரண்டு தட்டு. அவள் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரது?" என்று கேட்டாள்.